மேலிடத்து உத்தரவு

முதலில் வானைத்தான் கண்டார், அவளை அல்ல. பழைய வெள்ளை வான், முன்பக்கத்தில் ஒரு நெளிவு, நெளிவை மறைக்க அடித்த பெயின்ற் மற்ற வெள்ளையோடு சேராமல் தனியாகத் தெரிந்தது. லண்டனில் இப்படி நெளிந்த வான் ஆயிரம் இருக்கும் என்று விக்னராசா தனக்குச் சொல்லிக்கொண்டு, பெற்றோல் நிலையத்துக் கவுண்டருக்கு முன்னால் நின்ற கிழவியின் கார்ட்டை வாங்கினார், ரசீது வேண்டுமா என்று கேட்டார், அவள் வேண்டாம் என்றாள், அடுத்தவன் வந்தான், எத்தனையாம் பம்ப் என்று கேட்டார், ஆனால் கண் மறுபடியும் கண்ணாடிக்கு வெளியே போய் அந்த வானில்தான் நின்றது. ஓட்டும் இருக்கையில் ஒரு பெண். வானுக்குள்ளேயே மாஸ்க் போட்டிருந்தாள். ஊர் முழுக்க மாஸ்க்கைக் கழற்றி மூன்று மாதம் ஆகப்போகிறது, இவள் மூக்குக்கு மேல்வரை இழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி ஓர் ஆண். இவெலினாதான். இதே கவுண்டரில் ஆறு வருடம் இவரோடு நின்று வேலை செய்த பல்கேரியாக்காரி. சாய்ந்திருப்பவன் அவள் புருசன் ஸ்தோயன், லொறி ஓட்டியவன், இப்போது ஓட்டாதவன். வரிசையை எண்ணினார். அவளுக்கு முன்னால் பதினொரு வாகனம். பதினொன்றும் அடித்துக்கொண்டு போன பிறகு அவள் தன் வானுக்கு டீசல் அடித்துவிட்டு இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவாள். அதற்குள் ஒரு வசனத்தை ஆயத்தம் செய்ய வேண்டும், அல்லது இந்த ஒன்றரை வருடமும் செய்ததைப்போல விழுங்கிவிட வேண்டும். பெரிய வசனமும் இல்லை. மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து உனக்கு உத்தரவு வந்தது என்று சொன்னேனே, அப்படி ஒன்றும் வரவில்லை, நான்தான் சொன்னேன். அவ்வளவுதான். மூச்சு விடாமல் சொன்னால் ஐந்து விநாடி.

ஒக்ரோபர் மாதத்து முதல் ஞாயிறு, காலை பத்து மணி. பத்து நாளாக இந்தக் கூத்து. பெற்றோல் தாராளமாக இருக்கிறது, அதைக் கொண்டுவர லொறி ஓட்ட ஆள்தான் இல்லை, ஆகவே யாரும் பதறிப்போய் வாங்க வேண்டாம் என்று அமைச்சர் ஒருவர் ரேடியோவில் சொன்னார். அவர் சொல்லி முடிய ஊரில் இருந்த கார் முழுவதும் வெளியே வந்தது. ஓட்டுநர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், ஐரோப்பாவை விட்டு நாடு வெளியேறியதில் பாதிப்பேர் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது அவர்களைத் திரும்ப வரச் சொல்லி, கிறிஸ்மஸ் வரைக்கும் மட்டும் விசா தருகிறோம் என்று அறிவித்திருந்தார்கள். வந்து வேலையைச் செய்துவிட்டு மரத்தடியில் பரிசை வைத்துவிட்டுப் போக வேண்டும் போல. கவுண்டருக்கு வருகிற ஒவ்வொருவனும் அரசாங்கத்தைத் திட்டிவிட்டுத்தான் கார்ட்டை நீட்டினான். இவர்களிடம் ஒரு சந்தைக்கடையைக் கொடுத்தாலும் மத்தியானத்துக்குள் இழுத்து மூடிவிடுவார்கள் என்றான் ஒரு தாடிக்காரன். விக்னராசா தலையை ஆட்டினார். திட்டுவதற்கு அவருக்கும் ஆசைதான். வாய்தான் வரவில்லை. அப்போது கோயில் பழக்கமுள்ள தவம் அண்ணை வந்தார், ஒரு பால்போத்தலைக் கவுண்டரில் வைத்தார். “என்ன விக்னா, லண்டனுக்கு வந்தும் வரிசையோ? ஊரிலை பெற்றோலுக்குத் தடை போட்டாங்கள் எண்டு நாங்கள் மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடினனாங்கள். இவங்களுக்கு ஆரடாப்பா தடை போட்டது?” பக்கத்துக் கவுண்டரில் நின்ற சுகந்தி தலையைத் தூக்காமலே, “தங்களுக்குத் தாங்களே போட்டது, அண்ணை” என்றாள். தவம் அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். விக்னராசாவும் சிரித்தார், ஒரு கணம் பிந்தி. தாங்களே போட்டது. அதில் ஒரு கை அவருடையது. இரண்டாயிரத்துப் பதினாறில், ஐரோப்பாவோடு இருப்பதா வெளியேறுவதா என்ற வாக்கெடுப்புக்கு முன்னால், கோயில் அன்னதான மண்டபத்தில், கோட் போட்ட தமிழர் ஒருவர் வந்து கணக்காக விளங்கப்படுத்தினார். ஐரோப்பாக்காரருக்கு வாசலைப் பூட்டினால் எங்கடை ஆக்களுக்குத் திறக்கும், கோயிலுக்குக் குருக்கள், கடைக்குச் சமையல்காரர், எல்லாருக்கும் விசா. விக்னராசாவின் அக்கா மகன் கஜேந்தன் வவுனியாவில் சமையல்காரனாக இருந்தான். சாம்பாரும் கையுமாக இருந்த விக்னராசாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் கயிறு கட்டிய பென்சிலால் வெளியேறு என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டார், போடும்போது கஜேந்தனின் முகத்தை நினைத்தார், இவெலினாவின் முகத்தை நினைக்கவில்லை. அடுத்த நாள் காலை அவள் கண் சிவந்து வேலைக்கு வந்தபோதுதான் அவளுக்கும் ஒரு முகம் இருப்பது தெரிந்தது. தேநீர் போட்டுக் கொடுத்து, நான் உங்களுக்காகத்தான் போட்டேன், நாங்கள் தோற்றுவிட்டோம் என்றார். அவள் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கஜேந்தனுக்கு இரண்டு தரம் விசா மறுத்தார்கள். இப்போது கட்டாரில் சமைக்கிறான். வாசல் ஒன்று பூட்டினால் இன்னொன்று திறக்கும் என்று நாங்கள் எப்படி நம்பினோம், அதுவும் இந்த நாட்டு வாசலில் அகதிக் கேஸ் போட்டு எட்டு வருடம் குந்தியிருந்த நாங்கள், என்று யோசித்தால் காது சுடுகிறது. இன்னும் ஒன்பது வாகனம்.

பொய் சொல்லும் ஆள் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். எதையும் மேலிடத்தின் தலையில் போடுவது முப்பது வருடம் கவுண்டரில் நின்றதில் வந்த பழக்கம். கழிப்பறை இருக்கிறதா என்று ஒருவன் கேட்பான். இருக்கிறது, ஆனால் அவன் போய் வந்தால் கழுவ வேண்டும். இல்லை, தரமாட்டேன் என்று சொன்னால் சண்டை. மன்னிக்க வேண்டும், கொம்பனி பொலிசி என்றால் அவன் முனகிக்கொண்டு போய்விடுவான். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது, கொம்பனி பொலிசி. நாயை உள்ளே விட முடியாது, கொம்பனி பொலிசி. அப்படி எந்தக் கொம்பனியும் எந்தப் பொலிசியும் எழுதி வைத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே ஒரு பழைய தமிழாள் காதுக்குள் சொல்லிக் கொடுத்தது: தம்பி, நீ ஒண்டுக்கும் முன்னுக்கு நிக்காதை, எல்லாம் மேலை இருந்து வாறது எண்டு சொல்லு, அடி விழாது. அது உண்மை. அடி விழவில்லை. கறுத்த மனிசன் ஒருவன் தன்னுடைய வாயால் இல்லை என்று சொன்னால் இந்த ஊரில் பொறுக்கமாட்டார்கள், ஆனால் கொம்பனி சொன்னால் பொறுப்பார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லியே அவருக்கு நான் என்ற சொல் வாயில் வராமல் போயிருக்க வேண்டும். வீட்டில்கூட மனைவி ஏன் மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு வரவில்லை என்று கேட்டபோது, மேலை இருந்து லீவு தரேல்லை என்றார். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. அந்த மார்ச் மாதம், கொரோனா வந்து கடையெல்லாம் மூட முந்திய கிழமை, இவெலினா தலையணை உறையைக் கிழித்துத் தானே தைத்த மாஸ்க் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சின்னச் சின்ன நீலப்பூ. அப்போது ஒருவரும் போடவில்லை. தொலைக்காட்சியில் ஒவ்வொரு பின்னேரமும் மேடையில் நின்று பெரிய மனிதர்கள், பொதுமக்களுக்கு மாஸ்க் அவசியமில்லை, கையைக் கழுவினால் காணும் என்றார்கள். அன்றைக்கும் இந்தத் தவம் அண்ணைதான் வந்தார். “என்ன விக்னா, உவள் ஒப்பரேசனுக்கு வெளிக்கிட்ட மாதிரி நிக்கிறாள்? உள்ளுக்கை வரலாமோ, இல்லாட்டி வருத்தம் கிருத்தமோ?” பகிடிதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பெண்மணி கதவைத் திறந்து, இவெலினாவைப் பார்த்து, திரும்பிப் போனாள். விக்னராசாவுக்கு முகம் சுருங்கியது. தான் பொறுப்பாக நிற்கிற இடத்தை வருத்தக்காரரின், நோய் பிடித்தவர்களின் இடம் என்று ஊர் நினைப்பதா. நோய்க்குப் பயப்படவில்லை, அப்படி ஒரு பேச்சுக்குப் பயந்தார். அவளிடம் போய், எனக்கு இது பிடிக்கவில்லை, கழற்று என்று சொல்லியிருக்கலாம். அவள் மாட்டேன் என்றிருப்பாள், அவளுக்கு அந்தத் துணிவு உண்டு. அதனால் விரலை மேலே காட்டினார். மேலிடத்து உத்தரவு, மெயில் வந்திருக்கிறது, எனக்கும் கவலைதான் என்றார். முகத்தைக் கவலையாகவும் வைத்துக்கொண்டார். அவள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு காதிலிருந்தும் ரப்பரை எடுத்து, மாஸ்க்கை நாலாக மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

பதினேழாம் திகதி கழற்றினாள். இருபத்தெட்டாம் திகதி அவளுக்குக் காய்ச்சல். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளை அவர் எத்தனை தரம் மடித்து விரித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. கிருமி உள்ளே இருந்து வேலை செய்யப் பதினாலு நாள்வரை எடுக்கும் என்கிறார்கள், அப்படியென்றால் கழற்ற முதலே தொற்றியிருக்கலாம். பஸ்ஸில் தொற்றியிருக்கலாம். ஸ்தோயன் மரக்கறிச் சந்தைக்கு லொறி ஓட்டுகிறவன், நூறுபேரோடு நின்று தேநீர் குடிக்கிறவன், அவனிடமிருந்துதான் அவளுக்கு வந்ததோ என்னவோ. அதோடு துணி மாஸ்க், போட்டிருப்பவரைவிட எதிரில் நிற்பவரைத்தான் காக்கும் என்று எங்கோ வாசித்தார், வாசித்ததைக் கைபேசியில் சேமித்து வைத்தார், தீர்ப்புப் பத்திரத்தை வைத்திருப்பதுபோல அவ்வப்போது எடுத்துப் பார்த்தார். வாசித்து முடிய ஒரு ஆறுதல் வரும். தேநீர் ஆறுகிற நேரத்துக்கு நிற்கும். பிறகு அவள் நாலாக மடித்தது கண்ணுக்கு முன்னால் வரும். அவளுக்கு இரண்டு கிழமையில் சுகம் வந்துவிட்டது. ஸ்தோயன்தான் முப்பத்தேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், குழாய் போட்டு, குப்புறப் படுக்க வைத்து. உயிர் வந்தது, மூச்சு முழுதாக வரவில்லை. அவள் அவனைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டாள். விக்னராசா நேரில் போகவில்லை. அரசாங்கம் ஒருவரும் ஒருவர் வீட்டுக்கும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தது, அந்த ஒரு உத்தரவுக்கு அவர் மனமாரக் கீழ்ப்படிந்தார். சுகந்தியிடம் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் கொடுத்து அனுப்பினார். நீ நல்ல மனிதன் விக் என்று இவெலினாவிடமிருந்து செய்தி வந்தது. அழிக்கவும் முடியவில்லை, மறுபடி திறக்கவும் முடியவில்லை. ஜூலையில் அதே பெரிய மனிதர்கள் அதே மேடைக்கு வந்து, கடைக்குள் மாஸ்க் கட்டாயம், போடாவிட்டால் தண்டம் என்றார்கள். அறிவித்தலைக் கதவில் ஒட்டியது விக்னராசாதான். மூக்கு வெளியே தெரிந்தவர்களைக்கூட வாசலில் மறித்தார், ஒரு கிழவனோடு கத்திச் சண்டை பிடித்தார். “அண்ணை பொலிசிலை சேர்ந்திட்டார்” என்று சுகந்தி பகிடி பண்ணினாள். சட்டத்தைவிட அவர் கடுமையாக இருந்தார், கடுமையாக இருக்க இருக்க அந்தப் பதினேழாம் திகதி கொஞ்சம் தள்ளிப்போவதுபோல இருந்தது. இந்த வருடம் ஜூலையில் அதையும் எடுத்துவிட்டார்கள். இனி அவரவர் தங்கள் புத்திக்குப் பட்டபடி நடக்கலாம் என்று அறிவித்தபோது ஊர் கொண்டாடியது. விக்னராசா கவுண்டரில் வெறுங்கையோடு நிற்பதுபோல நின்றார். போட வேண்டுமா, வேண்டாமா என்று ஆட்கள் உள்ளே வந்து அவரைக் கேட்டார்கள். மேலே காட்டுவதற்கு விரலுக்கு இடம் இல்லை. உங்கள் விருப்பம் என்று சொல்லும்போது நாக்கு தடக்கியது.

ஆறு வாகனம். கவுண்டருக்குக் கீழே சின்னத் திரையில் நிலத்தடித் தாங்கியின் அளவு ஓடிக்கொண்டிருந்தது. பெற்றோல் போதுமான அளவு இருந்தது. டீசல் இருநூறு லீற்றருக்குக் கீழே வந்துவிட்டது. அடுத்த லொறி எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய வான் டீசல் வான். இருநூறு என்பது நாலு வாகனத்துக்குக் காணும், பெரிய வான் வந்தால் மூன்று. அந்தக் கணக்கை ஏன் போட்டோம் என்று அவர் தன்னைக் கேட்கவில்லை. டீசல் முடிந்தால் பம்ப்பில் மஞ்சள் உறையை மாட்டிவிடலாம், அவள் அதைத் தூரத்திலேயே கண்டு வானைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள், உள்ளே வரத் தேவையில்லை. முடியட்டும் என்று நினைத்தார். நினைத்தது தெளிவாகக் கேட்டது, பக்கத்தில் நின்று யாரோ சொன்னதுபோல. பக்கத்து இருக்கையில் சாய்ந்து கிடப்பவனை அவள் எங்கே கொண்டு போகிறாளோ, ஆஸ்பத்திரிக்கோ, சும்மா காற்றுக்கோ, வழியில் வான் நின்றால் அவனால் நடக்க முடியுமோ. முடியட்டும் என்பது அதற்குப் பிறகும் போகவில்லை. அப்போது நாலாம் பம்ப்பில் கட்டட வேலைக்காரன் ஒருவன் தன் வானை நிரப்பிவிட்டு, பின்கதவைத் திறந்து பிளாஸ்ரிக் கான்களை இறக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. கானில் அடிக்கக்கூடாது என்று பம்ப்பிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ஒலிபெருக்கியில் ஒரு சொல் சொன்னால் போதும், பொத்தானை அமத்தினால் பம்ப் நின்றுவிடும். பொத்தான் அவர் கைக்குக் கீழேதான் இருந்தது. “அண்ணை, உவன் கானுக்கு அடிக்கிறான், பாருங்கோ” என்றாள் சுகந்தி. “கண்டனான்.” “சொல்லுங்கோவன்.” “விடு பிள்ளை. ஞாயிற்றுக்கிழமையிலை சண்டை வேண்டாம்.” சுகந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். போன கிழமை ஒருவன் ஒரு கானோடு வந்ததற்கு இதே அண்ணை மழையில் ஓடிப்போய் மறித்தவர். “பின்னுக்கு நிக்கிற சனத்துக்கு என்ன செய்யிறது?” என்று கேட்டாள். அவர் திரையைப் பார்த்தார். நூற்றிருபது. நூற்றுப்பத்து. சுகந்தி தன் கவுண்டரைப் பூட்டினாள், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். ஐந்தடி உயரம்கூட இல்லாத பெண், அந்த மலைபோன்ற ஆளுக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டியதும், அவன் கத்தியதும், வரிசையில் நின்ற கார்கள் எல்லாம் அவளுக்காக ஹோர்ன் அடித்ததும், அவன் துப்பிவிட்டுக் கான்களை ஏற்றியதும் விக்னராசாவுக்கு ஊமைப்படம் போலக் கண்ணாடிக்கு அப்பால் நடந்தது. அவன் உள்ளே வந்து கார்ட்டைக் கவுண்டரில் எறிந்து, காசைக் கட்டிவிட்டுப் போனான், சுகந்தியும் தன் கவுண்டருக்குத் திரும்பினாள். திரை எழுபதில் நின்றது. இவெலினாவின் வானுக்கு அது போதும்.

கதவு திறந்தபோது அவர் ரசீதுச் சுருளை மாற்றுவதுபோலக் குனிந்திருந்தார். “விக்” என்றாள் அவள். விக்னராசா என்ற பெயர் அந்த ஊர் வாய்க்குள் அடங்காமல் விக் ஆனது. நிமிர்ந்தார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரித்தது, கண்ணைச் சுற்றி முன்பு இல்லாத சுருக்கம். “நீ இன்னும் இங்கேதான் நிற்கிறாய்.” “வேறு எங்கே போக” என்றார், ஸ்தோயன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். “வானில் இருக்கிறான். நடக்கிறான், கொஞ்சம். ஆறு படி ஏறினால் ஏழாவதில் நிற்கிறான். உனக்கு ஒரு பகிடி சொல்லட்டா? நேற்று அவனுக்குக் கடிதம் வந்தது. அரசாங்கத்திடமிருந்து. உங்கள் அனுபவம் நாட்டுக்குத் தேவை, தயவுசெய்து லொறி ஓட்டத் திரும்பி வாருங்கள் என்று. அவன் சிரித்தான், விக். சிரித்து இருமல் வந்து அரை மணித்தியாலம் நிற்கவில்லை.” அவளுக்குப் பின்னால் நின்ற தாடிக்காரன், இரண்டாம் தரமாக வந்தவன், இவர்களுக்கு வெட்கம் என்ற ஒன்று கிடையாது என்றான். அவள் அவன் பக்கம் திரும்பினாள், சாட்சிக்கு ஆள் கிடைத்ததுபோல. “நான் இங்கே வேலை செய்தேன். முதல் நாளே மாஸ்க் போட்டேன். கழற்றச் சொன்னார்கள். இந்த மனிதனைக் கேளுங்கள், இவரிடம்தான் அந்த உத்தரவு வந்தது. பாவம், என்னிடம் சொல்லும்போது இவருக்கு அழுகையே வந்துவிட்டது.” இதுதான் இடம். ஐந்து விநாடி. அவர் வாயைத் திறந்தார். “அவர்கள் சொன்னார்கள், நாங்கள் என்ன செய்வது” என்றார். தாடிக்காரன் தலையை ஆட்டினான். உள்ளே நின்ற எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவரும் அவர்களில் ஒருவராக, அரசாங்கத்தால் ஏமாற்றப்பட்ட ஒருவராக, அந்தக் கூட்டத்தின் கதகதப்புக்குள் ஒரு கணம் நின்றார். சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. “என்ன உத்தரவு, அண்ணை?” சுகந்தி தமிழில் கேட்டாள். குற்றம் பிடிக்கிற குரல் இல்லை, தெரியாமல் கேட்கிற குரல். “அந்த மாதம் மெயில் பாத்தது நான்தானே. அப்பிடி ஒண்டும் வரேல்லையே.” இவெலினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தாடிக்காரனும் பார்த்தான். அந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். “வரேல்லை” என்றார் விக்னராசா. சத்தம் தன்னுடையதுபோல இல்லை. “ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை. நான்தான் கழட்டச் சொன்னனான்.” ஒன்றரை வருடத்தில் முதல் தடவை அது வாயை விட்டு வெளியே வந்திருந்தது, கேட்க வேண்டியவள் ஒரு முழத் தூரத்தில், கார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காமல் நின்றாள். “என்ன சொல்கிறாள்?” என்று சிரித்துக்கொண்டு கேட்டாள் இவெலினா. “அவளும் அரசாங்கத்தைத்தான் திட்டுகிறாள்” என்றார் அவர். இவெலினா சுகந்தியைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். சுகந்தி அந்த விரலைப் பார்த்தாள், பிறகு அண்ணையைப் பார்த்தாள், பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, வரிசையில் அடுத்து நின்றவரைத் தன் கவுண்டருக்குக் கூப்பிட்டாள்.